சொந்த மெட்டு வராத மாணவி: ஒரு நிகழ்வு ஆய்வு

யார், எங்கே

பாளையங்கோட்டையில் ஒரு கலை அறிவியல் கல்லூரி. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. இசைத் துறை கிடையாது. வகுப்பு முடிந்ததும் கூடும் இசைக் குழு ஒன்று உண்டு. அதற்குப் பயிற்சி கொடுக்க வெளியிலிருந்து போகிறவன் நான். இங்கே பேசப்போவது அந்தக் குழுவில் கீபோர்டு வாசித்த இரண்டாம் ஆண்டு இயற்பியல் மாணவியைப் பற்றி. பெயர் வேண்டாம், ஆலங்குளம் பக்கத்துக் கிராமம் என்பதுவரை போதும்.

பள்ளி நாளிலிருந்தே ஊர் சர்ச்சில் ஞாயிறுதோறும் வாசிப்பவர். காது நல்ல காது. எந்த சினிமாப் பாட்டையும் இரண்டு தடவை கேட்டால் அதன் கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகளை, பிடித்துவிடுவார். ஐந்து கோட்டு நோட்டேஷனும் படிப்பார். மூன்றாம் செமஸ்டர் தொடக்கத்தில், துறை விழாவுக்கு இந்த வருஷம் சினிமாப் பாட்டு வேண்டாம், நாமே ஒன்று போடுவோம் என்று வகுப்பில் முடிவாகி, பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. வரிகளை எழுதிவிட்டார். மெட்டு வரவில்லை.

இந்த மாதிரிப் பிள்ளைகள் எல்லா ஆண்டும் வருகிறார்கள். பிறர் பாட்டைப் பிசகில்லாமல் வாசிப்பார்கள். சொந்தமாக ஒன்று போடு என்றால் கை நின்றுவிடும். கற்பனை போதாது என்பார்கள் சிலர், தியரி போதாது என்பார்கள் சிலர். இந்த மாணவிக்கு இரண்டும் இருந்தன. குறுக்கே நின்றது கைப்பழக்கம் என்பது என் முடிவு. ஏன் என்பதைத்தான் கீழே எழுதுகிறேன்.

கொண்டுவந்த பாட்டு

ஃபோனில் பதிந்து கொண்டுவந்தார். ஏ மைனர், எஃப், சி, ஜி என்று நாலு கார்டும் சுற்றிச் சுற்றி வந்தன. அடியில் டிரம் லூப், மேலே ஸ்ட்ரிங்ஸ், நடுவில் அவர் குரல். கேட்க நன்றாகவே இருந்தது. யார் பாட்டு என்று கேட்டால் யார் பெயரையும் சொல்லலாம், அப்படி ஒரு பாட்டு.

கீபோர்டை அணைத்துவிட்டு வெறும் குரலில் பாடச் சொன்னேன். பாடினார். இருந்தது மூன்றே ஸ்வரம். கார்டு மாறும் இடத்தில் ஒரு நீண்ட ஸ்வரம், மிச்ச இடத்தில் பேச்சு மாதிரி ஒரு இட்டு நிரப்பல். நாலாவது வரி முடிந்ததும் அவரே நின்று என்னைப் பார்த்தார்.

"அப்புறம்?"

"அப்புறம் திரும்ப முதல்ல இருந்து சார்."

கார்டுகள் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தால் மெட்டு எங்கேயும் போக வேண்டியதில்லை. நகர்கிற வேலையைக் கீழே இருக்கிற கார்டு பார்த்துக்கொள்ளும். நாலு கார்டில் பாட்டுப் போடுவதைக் குறை சொல்லவில்லை. அதே நாலு கார்டின் மேல் எத்தனையோ நல்ல பாட்டுகள் இருக்கின்றன. ஆனால் அந்தப் பாட்டுகளைக் குளிக்கும்போது வெறும் வாயால் முனகினாலும் பாட்டாக இருக்கும். இது அப்படி இல்லை.

வரிகள் வேறு தரத்தில் இருந்தன. ஆலங்குளத்திலிருந்து வரும் பஸ் ஜங்ஷனைத் தாண்டி, சுலோச்சன முதலியார் பாலத்தில் தாமிரபரணியைக் கடந்து பாளைக்குள் வரும். 1843இல் திறந்த அந்தப் பாலம்தான் பாட்டின் களம்.

ஆறு தாண்டும் போது ஜன்னல்
ஓர சீட்டில் நானு மட்டும்

ஜன்னலோர சீட்டை இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியை அடுத்த வரிக்குத் தள்ளியிருந்தது எனக்குப் பிடித்தது. ஆனால் பதிவில் முதல் சொல் "ஆ...று" என்று இழுபட்டது. "போ...து", "ஓ...ர", "நா...னு" எல்லாமே அப்படித்தான். நொண்டி நொண்டி நடந்தது பாட்டு.

பழக்கம் எங்கிருந்து வந்தது

நெல்லைப் பக்கத்து கிராம சர்ச்சுகளில் கீபோர்டு வாசிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் ஒரே வழியில்தான் கற்கிறார்கள். இடது கையில் கார்டு பிடித்தால் கீபோர்டில் இருக்கும் 'ஸ்டைல்' டிரம்ஸ், பேஸ், கிடார் எல்லாவற்றையும் தானே வாசிக்கும். வலது கை மெட்டைப் பிடித்தால் போதும். ஆராதனைக்கு ஆள் பற்றாத ஊரில் இது பெரிய உதவி. நான் கேலி செய்யமாட்டேன். கூடவே டிரான்ஸ்போஸ் பட்டன். பாடுகிறவர் எந்தச் சுருதியில் எடுத்தாலும் வாசிப்பவர் கை சி மேஜரிலும் ஏ மைனரிலுமே, அதாவது வெள்ளைக் கட்டைகளிலேயே, இருக்கும். சுருதியை பட்டன் மாற்றிக்கொடுக்கும்.

பல வருஷம் இப்படி வாசித்த கைக்கு ஒரு பாட்டு என்பதே இடது கையில் தொடங்குகிற விஷயம் ஆகிவிடுகிறது. முதலில் கார்டு, பிறகு தாளம், இவை ஓடத் தொடங்கியபின் அதன்மேல் ஏதாவது ஒரு மெட்டு. ஸ்டைல்களும் பெரும்பாலும் நாலு நாலாக எண்ணும் 4/4, கொஞ்சம் 3/4, 6/8. கம்ப்யூட்டரில் இசை மென்பொருளைத் திறந்தாலும் அதே 4/4தான் முதலில் வந்து நிற்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அவர் ஞாயிறுதோறும் விரித்துவைக்கும் கீர்த்தனைப் புத்தகத்தில் பாட்டுகளின் தலைப்பில் ராகமும் தாளமும் அச்சாகியிருக்கும். திருநெல்வேலியில் 1774இல் பிறந்து தஞ்சாவூருக்குப் போன வேதநாயக சாஸ்திரியார் காலத்து மரபு அது. ஆதி, ரூபகம், அங்கங்கே சாபு. "இதைப் பார்த்ததே இல்லையாம்மா?" என்று கேட்டேன். "பார்த்திருக்கேன் சார். அது பாட்டு நம்பர் மாதிரி ஏதோன்னு நினைச்சேன்" என்றார்.

பலிக்காதவை

முதலில் தியரி. கர்நாடக இசையின் தாய் ராகங்களை வரிசைப்படுத்தும் 72 மேளகர்த்தா அட்டவணையைக் கொடுத்து, பிடித்த ராகம் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். இயற்பியல் மாணவி அல்லவா, அட்டவணையின் அமைப்பு அவருக்கு உடனே பிடிபட்டது. மெட்டு வந்தபாடில்லை. பிறகு நிறையக் கேட்கச் சொன்னேன். கேட்டார்; கேட்டதெல்லாம் கார்டாகப் பிரிந்து மனதில் ஏறியது. அவ்வளவுதான்.

அதற்கப்புறம் வந்தது மகுடம் என்ற தோல் வாத்தியம். இது அவருடைய யோசனை. ஊருக்குப் பக்கத்தில் சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் கணியான் கூத்து நடந்தபோது ஃபோனில் பதிந்திருந்தார். தலைமைப் பாடகரான அண்ணாவி கதை பாட, இரண்டு மகுடம் முழங்கும். உச்சம் ஒன்று, மந்தம் ஒன்று. தோலைத் தீயில் காட்டி விறைப்பேற்றி அடிப்பார்கள். நல்ல பதிவு. அதிலிருந்து நாலு மாத்திரை (தாள எண்ணிக்கை) நீளத் துண்டு ஒன்றை வெட்டி, நாலு கார்டுக்கு அடியில் லூப்பாகப் போட்டுக் கொண்டுவந்தார்.

பொருந்தவில்லை. கதை சூடுபிடிக்க அடியும் வேகம் பிடிக்கும். அந்தப் பதிவையே அளந்து பார்த்தோம்: நிமிடத்துக்கு 100 அடி பக்கத்தில் தொடங்கியது, சில நிமிடங்களில் 130ஐத் தாண்டியிருந்தது. மென்பொருளின் தாளக் கட்டமோ ஒரே வேகத்தில் நிற்கும். கட்டத்துக்குள் அடைக்க அவர் பதிவை இழுத்ததும் தோலின் ஓசை தகரமாகிப்போனது. அதைவிட முக்கியமான ஒன்று: உச்சம் ஒன்று சொல்ல மந்தம் அதற்குப் பதில் சொல்கிற பேச்சு நாலு மாத்திரைக்குள் முடிவதே இல்லை. அந்தத் துண்டில் கேள்வி மட்டும் வந்தது, பதில் வெட்டுப்பட்டுப் போனது.

மண்வாசனைக்காக நாட்டார் வாத்தியத்தைத் தெளிப்பது இப்போது எங்கும் நடக்கிறது. மெட்டு இல்லாத பாட்டின் மேல் அதைத் தெளித்தால், மகுடம் சத்தம் கேட்கும் மெட்டில்லாத பாட்டு கிடைக்கும். நெல்லையப்பர் கோயில் இசைத் தூண் ஓசையையும் சேர்க்கலாமே என்று குழுவில் ஒருவர் சொன்னார். நல்லவேளை, அது பேச்சோடு நின்றது.

வரியைப் பேசிப் பார்த்தது

மெட்டை விட்டுவிட்டு வரியை மட்டும் வாய்விட்டுச் சொல்லச் சொன்னேன். பாடக்கூடாது, சும்மா பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்வதுபோல. பிறகு சொற்களை எடுத்துவிட்டு அதே ஓட்டத்தில் 'தான தந்தம்' என்று சந்தத்தை மட்டும் சொல்ல வேண்டும். சினிமாவில் மெட்டைப் பாடலாசிரியருக்குச் சொல்ல இதே தத்தகாரத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். இங்கே அதைத் திருப்பிப் போட்டோம்.

நெடிலுக்கு இரண்டு, ஒற்று சேர்ந்த குறிலுக்கு இரண்டு, தனிக் குறிலுக்கு ஒன்று என்று கணக்கு வைத்தால், 'ஆறு' மூன்று. 'தாண்டும்' நாலு. 'போது' மூன்று, 'ஜன்னல்' நாலு. 'ஓர' மூன்று, 'சீட்டில்' நாலு. 'நானு' மூன்று, 'மட்டும்' நாலு. நோட்டில் எழுதிக்கொண்டே வந்தவர் நாலாவது ஜோடியில் நிமிர்ந்தார்.

தகிட தகதிமி, தகிட தகதிமி. வரி முழுக்க ஏழு ஏழாக வந்திருந்தது. அவர் அறியாமலே, மூன்றும் நாலுமாக ஏழு எண்ணும் மிஸ்ர சாபு தாளத்தில் எழுதியிருக்கிறார். அந்த ஏழை எட்டாக்க ஸ்டைல் செய்த வேலைதான் 'ஆறு' என்ற சொல்லை 'ஆ...று' ஆக்கியது, மூன்று மாத்திரைச் சொல்லுக்கு நாலு மாத்திரை இடம் கொடுத்தால் இழுக்காமல் என்ன செய்யும்?

இந்த மண்ணில் இதற்கு முன்னோடி தேட வெகுதூரம் போகவேண்டாம். சங்கரன்கோவில் பக்கம் சென்னிகுளத்து அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்தை எடுத்துக்கொண்டு, மெட்டை மறந்துவிட்டு வெறுமனே படித்துப் பாருங்கள். நடை காலில் வந்துவிடும். சந்தம் சொல்லிலேயே இருக்கும்போது பாடுகிறவர் ராகத்தை மட்டும் தேடினால் போதும். மாணவிக்கு நான் கொடுத்த வீட்டுப்பாடமும் இதுதான்: சிந்து ஒன்றை எடுத்து, தெரிந்த மெட்டில் பாடாமல், சந்தத்தை மட்டும் கைதட்டிக்கொண்டு சொல்வது.

கறுப்புக் கட்டைகள்

நடை கிடைத்துவிட்டது, ஸ்வரம் வேண்டும். ஐந்து ஸ்வரத்துக்குள் இரு என்று மோகனத்தைக் கொடுத்தேன். ச ரி க ப த. எளிதான ராகம், யாருக்கும் வரும். அதுதான் வினையாகப் போனது. பல்லவி எங்கே சுற்றினாலும் கடைசியில் தமிழ்த்தாய் வாழ்த்தில் போய் நின்றது. சுந்தரனார் 1891இல் வெளியிட்ட நாடகத்தின் வாழ்த்துப் பாட்டு, 1970இல் அரசு விழாக்களின் வாழ்த்துப் பாடலானது, மோகனத்தில் மும்மூன்றாக நடக்கும் திஸ்ர நடையில் எம்.எஸ்.விஸ்வநாதன் இசை. சுந்தரனார் பெயரில் இருக்கும் பல்கலைக்கழகத்துப் பிள்ளை, கல்லூரியில் எந்த விழா என்றாலும் எழுந்து நின்று கேட்கிற மோகனம் அது. வேறு மோகனம் எப்படி வரும்?

அப்போதுதான் கறுப்புக் கட்டை யோசனை. கீபோர்டில் கறுப்புக் கட்டைகளை மட்டும் வாசித்தால் எப்படியும் ஐந்து ஸ்வரம்தான். சி-யை ஒரு கட்டையாக எண்ணும் நம் கணக்கில் எஃப் ஷார்ப்பான நாலரைக் கட்டையை ஸட்ஜமாக, அதாவது ஆதார ஸ்வரமான 'ச'வாக, வைத்தால் அது மோகனம். அதே ஐந்து கட்டைகளை, ஸட்ஜத்தை மட்டும் மாற்றி வைத்துப் பார்க்கலாம்: ஐந்தரையிலிருந்து தொடங்கினால் மத்யமாவதி, ஆறரையிலிருந்து ஹிந்தோளம், ஒன்றரையிலிருந்து சுத்த சாவேரி, இரண்டரையிலிருந்து சுத்த தன்யாசி. கிரக பேதம் என்று கச்சேரியில் வித்தை காட்டுவதை இங்கே ஒரு வேலைக்கருவியாக வைத்துக்கொண்டோம். நிபந்தனை மூன்று: வெள்ளைக் கட்டை தொடக்கூடாது, இடது கை மடியில் இருக்க வேண்டும், நாலரையில் முடிக்கக்கூடாது.

இதில் நான் எதிர்பாராத ஒரு லாபம் கிடைத்தது. டிரான்ஸ்போஸ் பட்டனோடு வளர்ந்த கை கறுப்புக் கட்டைகளில் அநேகமாக நடந்ததே இல்லை. விரல் தானாகப் போய் விழும் பள்ளங்கள் அங்கே கிடையாது. ஒவ்வொரு ஸ்வரத்தையும் முதலில் பாடிவிட்டுத்தான் கட்டையைத் தேட வேண்டியிருந்தது. கொஞ்ச நாள் திணறலுக்குப் பிறகு இரண்டரைக் கட்டையில் போய் உட்கார்ந்தார். சுத்த தன்யாசி: ச க ம ப நி. ஏ மைனரில் ஊறிய காதுக்கு அது அந்நியமாகவும் படவில்லை, குரலுக்கும் பொருந்தியது. பல்லவி இப்படி வந்தது. காற்புள்ளி ஒன்றுக்கு ஒரு மாத்திரை நீட்டல்.

ப , ம | க , ம , | ப , நி | ப , ப ,
ஆறு | தாண்டும் | போது | ஜன்னல்

ப , ம | க , க , | க , ம | க , ச ,
ஓர | சீட்டில் | நானு | மட்டும்

பெரிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. ஆனால் கவனியுங்கள்: இரண்டு வரியும் ஒரே மாதிரி 'ப ம க' என்று தொடங்குகின்றன. முதல் வரி பஞ்சமத்தில் ('ப') தொங்கி நிற்கிறது. இரண்டாவது ஸட்ஜத்தில் இறங்கி உட்கார்கிறது. 'மட்டும்' என்று தனித்து நிற்கிற சொல்லுக்கு, பாட்டில் முதன்முறையாக ஸட்ஜம் கிடைக்கிறது. வெறும் குரலில் பாடினாலும் முடிந்தது என்று தெரிகிறது. அப்புறம் என்ன என்று கேட்கத் தேவையில்லாமல் போயிற்று.

கார்டை இதற்கப்புறம்தான் அனுமதித்தேன். இரண்டரையில் மைனர், 'போது ஜன்னல்' வருமிடத்தில் மட்டும் நாலரையில் மேஜர். நாலு கார்டு சுற்றிய பாட்டுக்கு இரண்டே போதுமானதாக இருந்தது. மியூஸ்ஸ்கோர் என்ற நோட்டேஷன் மென்பொருளில் 7/8 என்று எழுதிவைத்தார்.

'எங்கேயோ கேட்ட மாதிரி'

மெட்டு முடிந்த மறுநாளே பயம் வந்துவிட்டது. "எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கு சார். காப்பின்னு சொல்லிட்டாங்கன்னா?" ஐந்து ஸ்வரத்தில் போட்ட எந்த மெட்டும் எங்கேயோ கேட்ட மாதிரிதான் இருக்கும். குழுவில் ஒவ்வொருவரையும் தனித்தனியே கூப்பிட்டுப் பாடிக் காட்டி, எந்தப் பாட்டு ஞாபகம் வருகிறது என்று கேட்டோம். ஆளுக்கு ஒரு பாட்டைச் சொன்னார்கள். எந்த இரண்டு பேர் பதிலும் ஒத்துப்போகவில்லை. எல்லோரும் ஒரே பாட்டைச் சொல்லியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

சட்டப்படியும் ராகமோ தாளமோ யாருக்கும் சொந்தமில்லை. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் இசைப் படைப்பை ஒன்றாகவும் பாடல் வரியை வேறொன்றாகவும் பார்க்கிறது. இவருக்கு இரண்டுமே சொந்தம் என்று சொன்னதும் முகம் கொஞ்சம் தெளிந்தது.

இன்னொன்றும் சொன்னேன். முத்துசுவாமி தீட்சிதர் மேற்கத்திய பேண்டு மெட்டுகளை எடுத்து, சங்கராபரணத்தில் அவற்றுக்கு சமஸ்கிருத வரிகள் போட்டிருக்கிறார். நோட்டு ஸ்வர சாகித்யம் என்று இன்றும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இங்கிலாந்து அரசருக்கான வாழ்த்துப் பாட்டின் மெட்டும் அதில் உண்டு. பழைய திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த எட்டயபுரத்தில் 1835இல் காலமானவர் அவர். அதே ஊரிலிருந்து 1904இல் சுப்பராம தீட்சிதர் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' இல்லாவிட்டால் முத்துசுவாமி தீட்சிதர் கிருதிகளின் பழைய வடிவம் நமக்கு இவ்வளவு கிடைத்திருக்காது. அவ்வளவு பெரியவருக்கே பிறர் மெட்டுக்குச் சொல் கட்டிப் பார்ப்பதில் வெட்கம் இருக்கவில்லை. கடன் வாங்குவதை மறைத்தால்தான் சிக்கல்.

மேடை

சரணத்து வரிகளைப் பேசிப் பார்த்தபோது அவை ஏழில் விழவில்லை, நாலில் விழுந்தன. அப்படியே விட்டுவிடு என்றேன். பல்லவி ஏழு, சரணம் நாலு, திரும்பப் பல்லவிக்கு வரும்போது ஏழு. காகிதத்தில் அழகாக இருந்தது.

ஒத்திகையில் கிடார்க்காரப் பையன் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மாத்திரையைக் கூட்டி எட்டாக்கிக்கொண்டே இருந்தான். "ஏட்டி, இது பாட்டா, கணக்குப் பரீட்சையா?" என்று சலித்துக்கொண்டான். காப்பாற்றியது பரதநாட்டியம் படித்த ஒரு சக மாணவி. அடவு வகுப்பில் தகிட தகதிமியைச் சின்ன வயதிலேயே காலில் ஏற்றிக்கொண்டவர்; பக்கத்தில் நின்று கை தட்டிக்கொடுத்தார். கிடார்க்காரன் அவர் கையைப் பார்த்தே வாசிக்கப் பழகினான்.

விழாவில் பல்லவியை அமைதியாகக் கேட்டார்கள். சரணம் வந்ததும் நாலு கிடைத்த மகிழ்ச்சியில் அரங்கமே தட்ட ஆரம்பித்தது. பல்லவிக்குத் திரும்பும்போது தட்டுவது நிற்கவில்லை. ஐந்நூறு கை நாலில் தட்டும்போது மேடையில் இருக்கிற ஐந்து பேர் ஏழில் நிற்க முடியுமா? ஒரு சுற்று முழுக்கக் குழம்பி, அவர் கீபோர்டை விட்டுவிட்டு வாயால் வரியைப் பிடித்து இழுத்து வந்து சேர்த்தார். அரங்கில் பலருக்கு அது தெரியவே இல்லை என்று பிறகு சொன்னார்கள். துறையில் ஒரு பேராசிரியர் மட்டும், அடுத்த தடவை ஆடுகிற மாதிரி ஒன்று போடக்கூடாதா என்று கேட்டார். நியாயமான கேள்வி.

எது வேலை செய்தது

வரியைப் பேசியது, கறுப்புக் கட்டை, இடது கையைக் கட்டிப்போட்டது மூன்றும் அடுத்தடுத்து நடந்தன. பிரித்து மார்க் போட முடியாது. என் கணிப்பில் முக்கால்வாசி வேலையை முதலாவதுதான் செய்தது. நடை தெரிந்தபின் ஸ்வரம் தேடுவது அவருக்குப் பெரிய வேலையாகவே இல்லை. கறுப்புக் கட்டைகூட விரல்களுக்குத் தெரிந்த தடத்தை அழித்ததால்தான் உதவியது. கறுப்புக் கட்டையிலேயே வாசித்துப் பழகிய ஒருவருக்கு வெள்ளைக் கட்டையைக் கொடுக்க வேண்டியிருக்கும். இதே முறையை எழுதத் தயங்குகிற, வரி கைவசம் இல்லாத மாணவருக்குக் கொடுத்தால் பலிக்குமா என்பது வேறு விஷயம். இவருக்கு நல்ல வரி முதலிலேயே இருந்தது.

தியரி வீணாகவும் போகவில்லை. மெட்டு கைக்கு வந்தபின் 72 மேள அட்டவணையை அவரே திரும்ப எடுத்து, சுத்த தன்யாசி எங்கெங்கே பொருந்துகிறது என்று தேடிக்கொண்டிருந்தார். முதலில் கொடுத்தபோது அதில் தேட அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை.

இப்போது

ஐந்தாம் செமஸ்டர். இரண்டாவது பாட்டு நடந்துகொண்டிருக்கிறது. குழுவினர் இன்னொரு ஏழு போடு என்றார்கள். வரி நாலில் பேசுகிறது என்று மறுத்துவிட்டார். ஆறரைக் கட்டையில் ஹிந்தோளம். பல்லவி வெறும் குரலில் நிற்கிறது, நான் கேட்டுவிட்டேன். சரணத்தில்தான் இடிக்கிறது: முதல் பாட்டின் சரணம் எங்கே ஏறியதோ அதே மாதிரி இதுவும் முதல் வரியிலேயே மேல் ஸட்ஜத்துக்குத் தாவுகிறது. மூன்று விதமாக எழுதிக் கொண்டுவந்தார், மூன்றிலும் அதே தாவல். ஒரு பாட்டு போட்டதற்குள் இவருக்கென்று ஒரு புதுப் பழக்கம் வந்துவிட்டது. மேல் ஸட்ஜத்தைத் தொடாமல் ஒரு சரணம் எழுதிவரச் சொல்லியிருக்கிறேன். இன்டர்னல் பரீட்சை முடிந்ததும் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.